கேரள இஸ்லாஹி இயக்கம் சமூக வாழ்வில் மாற்றியது எதை?

தென்கரை (கேள்வி):

அஸ்ஸலாமு அலைக்கும். தென்னிந்திய முஸ்லிம்களின் சமூக வரலாற்றைப் பற்றிச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். கேரளத்தில் பொதுமக்கள் 'முஜாஹித்' என்று அழைக்கும் இஸ்லாஹி (சீர்திருத்த) இயக்கத்தைப் பற்றி இருவேறு விதமாக எழுதப்பட்டிருப்பதைக் காண்கிறேன். சிலர் அதை நேர்ச்சை (நேர்த்திக்கடன்), மவ்லூது (நபியையும் இறைநேசர்களையும் புகழ்ந்து ஓதுவது), தர்காக்களில் வேண்டுதல் ஆகியவற்றை எதிர்த்த கொள்கை இயக்கமாக மட்டுமே காட்டுகிறார்கள். வேறு சிலர் கொள்கையைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல், பள்ளிக்கூடங்களையும் கல்லூரிகளையும் அநாதை இல்லங்களையும் பட்டியலிட்டு முடித்துவிடுகிறார்கள். இவ்விரண்டுக்கும் இடையிலான உறவு என்ன என்பதும், ஒரு மஹல்லாவில் (ஒரு பள்ளிவாசலைச் சார்ந்த ஊர்ச் சமூகத்தில்) வாழ்ந்த சாதாரணக் குடும்பத்தின் வாழ்வில் இந்த இயக்கம் எதை மாற்றியது என்பதும்தான் என் கேள்வி. எந்தத் தரப்பின் கொள்கை சரி என்ற வாதத்தை இந்த இழையில் தவிர்த்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஏட்டுச்சுவடி:

வ அலைக்கும் ஸலாம். நீங்கள் சொல்லும் இரண்டு விவரிப்புகளும் நடந்தவற்றை நடந்த வரிசையில் பார்க்காததால் வந்தவை என்று நினைக்கிறேன். இந்த இயக்கத்தின் முதல் அமைப்பான கேரள முஸ்லிம் ஐக்கிய சங்கம் 1922-இல் கொடுங்கல்லூர் வட்டாரத்தில் தொடங்கியபோது, அதன் கையில் முதலில் இருந்த வேலை குடும்பச் சண்டைகளைத் தீர்ப்பதாகும். அந்த வட்டாரத்து வசதி படைத்த முஸ்லிம் குடும்பங்கள் ஒன்றோடொன்று பகைத்து, நீதிமன்ற வழக்குகளில் சொத்தை அழித்துக்கொண்டிருந்தன. அவற்றைச் சமரசம் செய்து வைக்க 'நிஷ்பக்ஷ சங்கம்' என்ற பெயரில், அதாவது எந்தப் பக்கமும் சாராத சங்கமாக, ஊர்ப் பெரியவர்கள் கூடியதே பின்னர் ஐக்கிய சங்கமாக வளர்ந்தது. 'ஐக்கியம்' என்ற பெயரே அந்தத் தொடக்கத்தைச் சொல்கிறது.

அவ்வேளையில் பிரிட்டிஷாருக்கு எதிரான 1921-ஆம் ஆண்டு மலபார் கிளர்ச்சி அடக்கப்பட்டிருந்தது. பிரிட்டிஷ் மலபாரில் தேடப்பட்ட ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) சிலர் கொச்சி சமஸ்தானத்துக்குள் இருந்த கொடுங்கல்லூரில் அடைக்கலம் புகுந்தார்கள். திரூரங்காடிப் பகுதியைச் சேர்ந்த கே. எம். மௌலவி அவர்களுள் முக்கியமானவர். உள்ளூர்ச் செல்வந்தர்களின் சமரச முயற்சியும், ஊரை விட்டு வந்த ஆலிம்களின் கல்வியும் ஒரே இடத்தில் சந்தித்ததை இந்த வரலாற்றின் திருப்புமுனையாகவே கருதுகிறேன். கிளர்ச்சியின் தோல்வி மலபார் முஸ்லிம்களான மாப்பிளைச் சமூகத்தை எவ்வளவு நொறுக்கிப் போட்டிருந்தது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். அந்தமானுக்கு அனுப்பப்பட்டவர்களும் சிறைப்பட்டவர்களும் கொல்லப்பட்டவர்களும் போக, எஞ்சிய குடும்பங்களில் விதவைகளும் குழந்தைகளுமே மிகுதியாக இருந்தார்கள். அக்குழந்தைகளுக்காகவே பஞ்சாபிலிருந்து வந்த முஸ்லிம் பொதுநலத் தொண்டர்கள் கோழிக்கோட்டில் ஜே. டி. டி. இஸ்லாம் அநாதை இல்லத்தை 1922-இல் நிறுவினார்கள். எனவே கல்வியும் அநாதைப் பராமரிப்பும் கொள்கைப் பிரச்சாரத்துக்குப் பின்னால் ஒட்டவைக்கப்பட்டவை அல்ல. அவை அன்றைய அவசரத் தேவைகள்.

இதற்கும் முந்திய ஒரு தலைமுறை உண்டு. முஸ்லிம்கள் மலையாளமும் ஆங்கிலமும் கற்க வேண்டும் என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிய ஸனாவுல்லா மக்தி தங்ஙள், வாழக்காட்டு மதரஸாவில் பாடத்திட்டத்தையும் கற்பிக்கும் முறையையும் மாற்றியமைத்த சாலிலகத்து குஞ்ஞகமது ஹாஜி, திருவிதாங்கூரில் இயங்கிய வக்கம் அப்துல் காதர் மௌலவி ஆகிய மூவரையும் தவிர்க்க முடியாது. கே. எம். மௌலவி சாலிலகத்தாரின் மாணவர். வக்கம் மௌலவியைப் பலரும் 1905-இல் 'சுதேசாபிமானி' பத்திரிகையைத் தொடங்கியவராக மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளை திவானைக் கண்டித்து எழுதியதற்காக 1910-இல் நாடு கடத்தப்பட்டபோது, அச்சகம் பறிபோனது மௌலவிக்கு. அதன் பிறகும் அவர் எகிப்தின் 'அல்மனார்' இதழை வரவழைத்துப் படித்து, அங்கிருந்த சீர்திருத்த அறிஞர்களான முஹம்மது அப்துஹு, ரஷீத் ரிளா ஆகியோரின் கருத்துகளை மலையாளத்துக்குக் கொண்டுவருவதை நிறுத்தவில்லை.

மணற்கேணி:

ஏட்டுச்சுவடி ஐயா எழுதியதோடு மொழியைப் பற்றியும் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன். சாதாரணக் குடும்பத்தின் வாழ்வில் எது மாறியது என்ற கேள்விக்கு அதுவே நேரடியான விடையாகத் தோன்றுகிறது.

நம்முடைய அரபுத்தமிழைப் போலவே மாப்பிளைகளுக்கு அரபி மலையாளம் இருந்தது. அரபி எழுத்தில் மலையாளம் எழுதும் அந்த மரபில் 'மாலை' எனப்படும் புகழ்ப் பாடல்களும் மார்க்க நூல்களும் ஏராளம். ஆண்களும் பெண்களும் அதைப் படித்தார்கள். ஆனால் அது தெரிந்தவர்களுக்கு அரசுப் பள்ளியின் பாடநூலும் நீதிமன்ற ஆவணமும் படிக்கத் தெரியாது. எழுத்தறிவு உள்ள ஒரு சமூகம் அரசின் கணக்கில் எழுத்தறிவற்றதாகவே நின்றது. வக்கம் மௌலவி 1918-இல் தொடங்கிய 'அல்இஸ்லாம்' இதழை அரபி மலையாளத்திலேயே வெளியிட்டது இதனால்தான் என்று நினைக்கிறேன். மக்கள் படிக்கும் எழுத்தில் சென்றுதான் அவர்களை வேறோர் எழுத்துக்கு அழைத்துவர முடியும். அந்த இதழ் சில வெளியீடுகளோடு நின்றுபோனது. இருந்தாலும், பள்ளியில் அரபி ஆசிரியர் இருந்தால் முஸ்லிம் பெற்றோர் பிள்ளைகளை அனுப்புவார்கள் என்று அவர் திருவிதாங்கூர் அரசிடம் வாதாடிப் பெற்ற அனுமதி நிலைத்தது. ஆசிரியர் ஒருவர் நியமிக்கப்பட்டவுடன் மார்க்கக் கல்விக்கும் உலகக் கல்விக்கும் இடையே இருந்த சுவரில் ஒரு கதவு திறந்தது.

ஜும்ஆ குத்பாவை (வெள்ளிக்கிழமைத் தொழுகையின் பிரசங்கத்தை) மலையாளத்தில் நிகழ்த்தியது மற்றொன்று. மரபுவழிச் சுன்னிகளிடையே குத்பா அரபியில்தான் ஓதப்படும். விளக்கம் வேண்டுமானால் அதற்கு முன்னோ பின்னோ தனி உரையாக நிகழும். தமிழகப் பள்ளிவாசல்களில் குத்பாவுக்கு முன் தமிழில் பயான் (மார்க்க உரை) நடக்கும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும். மிம்பரில் (பிரசங்க மேடையில்) நிற்பவர் தாய்மொழியில் பேசியபோது, கடைக்காரரும் மீனவரும் அவர் சொல்வதைப் புரிந்துகொண்டார்கள். புரிந்ததால் மறுத்துக் கேள்வி கேட்கவும் முடிந்தது. ஆலிமுக்கும் கேட்பவருக்கும் இடையிலிருந்த தூரம் குறைந்ததன் பலன் நல்லதாகவும் இருந்தது, தொல்லையாகவும் இருந்தது.

பெண்கள் விஷயத்தில் பிளவு இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. பெண்களுக்கு எழுத்தும் கல்வியும் வேண்டும் என்றும், அவர்கள் பள்ளிவாசலுக்கு வந்து தொழலாம் என்றும் இயக்கத்தார் வாதிட்டார்கள். எதிர்த்தரப்பான மரபுவழி ஆலிம்களின் அமைப்பு, சுருக்கமாகச் சமஸ்தா எனப்படும் சமஸ்த கேரள ஜம்இய்யத்துல் உலமாவோ, 1930-இல் மண்ணார்க்காட்டு மாநாட்டில், பெண்களுக்கு எழுதக் கற்பிப்பது விரும்பத்தகாதது என்று தீர்மானித்தது. இன்று அந்தத் தீர்மானத்தை யாரும் எடுத்துக்காட்டி ஆதரிப்பதில்லை. ஆயினும் அன்று அது ஓர் ஊரில் எத்தனை வீடுகளின் பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கு வராமல் நிறுத்தியிருக்கும் என்று எண்ணிப்பார்க்காமல் இருக்க முடியவில்லை.

நீர்வழி:

மேலே எழுதியவர்கள் இயக்கத்தின் மீது பரிவோடு எழுதியிருக்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் அதற்குக் கொடுத்த விலையையும் யாராவது சொல்ல வேண்டும்.

கேரளத்தில் மஹல்லு எனப்படும் மஹல்லா தொழும் இடம் மட்டுமன்று. நிகாஹ் (திருமணப்) பதிவும் கபர்ஸ்தானும் (அடக்கத்தலமும்) ஊர்ப் பஞ்சாயத்தும் ஸகாத் பங்கீடும் ஒரே பள்ளிவாசலைச் சுற்றி நடந்தன. கொள்கைப் பூசல் முற்றியபோது ஒரே தெருவில் இரண்டு பள்ளிவாசல்கள் எழுந்தன. மவ்லூது ஓதும் வீட்டில் பெண் எடுப்பதா என்றும், இமாமின் பின்னால் தொழலாமா என்றும் உறவினர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஒருவருடைய ஜனாஸாத் தொழுகையை யார் நடத்துவது என்பதே வழக்காக மாறிய ஊர்கள் உண்டு. குடும்பப் பகையைத் தீர்க்கத் தொடங்கிய இயக்கத்தின் பெயரால் குடும்பங்கள் பிரிந்தன என்பதை ஏட்டுச்சுவடி ஐயா குறிப்பிட்டிருக்கலாம்.

ஐக்கிய சங்கத்தின் முடிவும் பாடம் நிறைந்தது. வட்டியில்லாமல் வணிகம் நலிகிறது, முஸ்லிம்கள் வெளியாரிடம் கடன்பட்டு நிலத்தை இழக்கிறார்கள் என்ற கவலையில் சங்கத்தார் வங்கி ஒன்றைப் பற்றி யோசித்தார்கள். அதற்கு மார்க்க வழி காட்ட முயன்று கே. எம். மௌலவி ஒரு சிறு நூலே எழுதினார். வட்டியைப் பின்வாசல் வழியாக நுழைய விடுகிறார்கள் என்று எதிர்ப்பாளர்கள் மட்டுமல்ல, சொந்தத் தரப்பினரும் கண்டித்தார்கள். பித்அத்தை (மார்க்கத்தில் புகுந்த புதுமைகளை) எதிர்ப்பதில் ஒன்றுபட்டவர்கள் பொருளாதாரக் கேள்வி வந்ததும் ஒன்றுபட இயலவில்லை. 1934-இல் சங்கம் கலைக்கப்பட்டது.

பிற்காலக் கதையும் அதே போக்கில்தான் சென்றது. 1950-இல் இந்த இயக்கத்தின் அமைப்பாக உருவான கேரள நத்வத்துல் முஜாஹிதீன் 2002-இல் இரண்டாகப் பிளந்து, 2016-இல் ஒன்றிணைந்தது. அந்த இணைப்பும் எல்லாரையும் உள்ளடக்கவில்லை. இடையில் ஜின்களிடம் உதவி கேட்பது ஷிர்க் (இறைவனுக்கு இணைவைத்தல்) ஆகுமா என்ற தர்க்கம் ஒரு தனிப் பிரிவையே உண்டாக்கிவிட்டது. மூடநம்பிக்கையை ஒழிக்க வந்தவர்கள் ஜின்னைப் பற்றி வாதிட்டுப் பிரிந்தது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

தென்கரை:

மூவருக்கும் நன்றி. நீர்வழி அவர்கள் குறிப்பிட்ட விலை என் மனத்திலும் இருந்தது. ஒரு துணைக்கேள்வி: இயக்கத்தில் சேர்ந்தவர்கள் என்றுமே சிறுபான்மைதான், கேரள முஸ்லிம்களில் பெரும்பாலோர் இன்றும் மரபுவழிச் சுன்னிகளே. அப்படியிருக்க, இவ்வளவு சிறிய ஓர் இயக்கம் முழுச் சமூகத்தின் போக்கை மாற்றியது என்று சொல்வது மிகையாகாதா?

ஏட்டுச்சுவடி:

நீர்வழி அவர்களின் கண்டனத்தை ஏற்கிறேன். உங்கள் துணைக்கேள்விக்கு என் கருத்து இது: இயக்கத்தின் பாதிப்பை அதன் உறுப்பினர்களிடம் தேடுவதைக் காட்டிலும் அதன் எதிர்ப்பாளர்களிடம் தேடினால் அதிகமாகக் கிடைக்கும்.

ஐக்கிய சங்கத்தின் பிரச்சாரம் பரவியதால்தான் மரபுவழி ஆலிம்கள் 1926-இல் கோழிக்கோட்டில் கூடி, வரக்கல் முல்லக்கோயத் தங்ஙள் தலைமையில் சமஸ்தாவை அமைத்தார்கள். அதுவரை தனித்தனித் தர்ஸ்களில் (பள்ளிவாசல் பாடவகுப்புகளில்) ஓதிக்கொடுத்து வந்தவர்களுக்கு மாநாடும் தீர்மானமும் மாத இதழும் தேவைப்பட்டன. அவை யாவும் எதிரியின் கருவிகள். 1951-இல் சமஸ்தா தன் மார்க்கக் கல்வி வாரியத்தை நிறுவி, ஒரே பாடநூல், ஒரே தேர்வு, வகுப்பு வாரியான பாடத்திட்டம் என்று மதரஸாக்களை ஒழுங்குபடுத்தியது. கரும்பலகையும் வகுப்புப் பிரிவினையும் சாலிலகத்தார் வாழக்காட்டில் கொண்டுவந்தபோது அவற்றைப் பற்றிக் குறைகூறியவர்கள் உண்டு. இன்று அந்த வாரியத்தின் கீழுள்ள மதரஸாக்களின் எண்ணிக்கை 10,000-ஐத் தாண்டும். அவற்றில் பெண்பிள்ளைகள் எழுதுகிறார்கள், தேர்வு எழுதி மதிப்பெண் பெறுகிறார்கள். மண்ணார்க்காட்டுத் தீர்மானத்தைச் செயலளவில் நீக்கியது அதை நிறைவேற்றிய அமைப்பேதான்.

இயக்கத்தார் நேரடியாக உருவாக்கியவையும் குறைவல்ல. காலராவில் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காக 1943-இல் எம். கே. ஹாஜியும் கே. எம். மௌலவியும் மற்றவர்களும் தொடங்கிய திரூரங்காடி அநாதை இல்லம், 1948-இல் அபுஸ்ஸபாஹ் அகமது அலி மௌலவியின் முயற்சியால் எழுந்த ஃபாரூக் கல்லூரி ஆகியவற்றில் எல்லாத் தரப்புப் பிள்ளைகளும் படித்தார்கள். சுன்னி வீட்டுப் பையன் ஃபாரூக்கில் பட்டம் பெற்றுத் திரும்பி, தன் மஹல்லுப் பள்ளிவாசலில் மவ்லூது ஓத உட்கார்ந்தான். இவனை எந்தத் தரப்பின் கணக்கில் எழுதுவது?

மணற்கேணி:

ஒரு சிறு தகவலைச் சேர்க்கிறேன். தமிழ் வாசகர்களுக்கு இது பிடிக்கும். ஐக்கிய சங்கத்தின் இரண்டாம் ஆண்டு மாநாடு 1924-இல் ஆலுவாவில் நடந்தது. கேரள ஜம்இய்யத்துல் உலமா என்ற ஆலிம்கள் அமைப்பு அங்கேதான் பிறந்தது. அந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்க அழைக்கப்பட்டவர் வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் மதரஸாவின் முதல்வர் அப்துல் ஜப்பார் ஹஜ்ரத். இரண்டு ஆண்டுகள் கழித்து எதிரணியில் சமஸ்தாவை அமைத்து வளர்த்த ஆலிம்களிலும் பலர் அதே வேலூரில் ஓதித் தேறியவர்கள். இரு தரப்பிலும் பாக்கியாத்தில் ஓதியதைக் காட்டும் 'பாகவி' என்ற பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டவர்கள் ஒரே உஸ்தாதுகளிடம் ஓதிவிட்டு, மலபாருக்குத் திரும்பி எதிரெதிர் மேடைகளில் ஏறினார்கள்.