செஸ்ஸில் மூன்று முறை ஒரே நிலை வந்தும் டிரா (சமன்) கிடைக்கவில்லை, எங்கே தவறினேன்?

கேள்வி:
நேற்று ஓபன் ரேட்டிங் போட்டி. எனக்கு ரேட்டிங் 1480, எதிராளிக்கு 1610. நான் கறுப்பு. யானை முடிவாட்டத்தில் எனக்கு ஒரு சிப்பாய் குறைவு. 58-வது நகர்த்தலில் ஏ1-இல் நின்ற யானையை எஃப்1-க்குக் கொண்டுவந்து செக் வைத்தேன். எதிராளியின் ராஜா ஜி4 போனது. ஜி1-இல் செக், ராஜா எஃப்4. மறுபடி எஃப்1, மறுபடி ஜி4. இப்படியே போய், 62-வது நகர்த்தலில் மூன்றாம் தடவையாக எஃப்1-இல் செக் வைத்து, கிளாக்கை அழுத்திவிட்டு, டிரா கேட்க ஆர்பிட்டரை (போட்டி நடுவரை) கூப்பிட்டேன். "உங்கள் முறை முடிந்துவிட்டது, ஆட்டத்தைத் தொடருங்கள்" என்றார். எதிராளி ராஜாவை ஈ4-க்கு நகர்த்தினார், ஜெயித்தும் விட்டார். இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. இது சரியா?

பதில் (உள்ளூர்ப் போட்டிகளில் ஆர்பிட்டராக இருக்கிறேன்):
தம்பி, வலி புரிகிறது. ஆனால் அவர் சொன்னது சரிதான். மூன்றாம் தடவை உங்கள் நகர்த்தலால் வரப்போகிறது என்றால் அதைப் பலகையில் ஆடக்கூடாது. ஸ்கோர்ஷீட்டில் (நகர்த்தல்களைக் குறிக்கும் தாளில்) எழுதி, கிளாக்கை நிறுத்தி, "இதை ஆடப்போகிறேன், மூன்றாம் முறை" என்று ஆர்பிட்டரிடம் சொல்ல வேண்டும். ஆடுவதற்காகக் காயைத் தொட்டாலே அந்த முறைக்கான உரிமை போய்விடும்.

கேட்டவர்:
நகர்த்தலை ஆடும் முன் எழுதக்கூடாது என்று எத்தனையோ தடவை திட்டு வாங்கியிருக்கிறேன் அண்ணா. அந்தப் பயத்தில்தான் முதலில் ஆடினேன்.

பதில்:
பலரும் விழும் இடம் அதுதான். எழுதக்கூடாது என்ற விதிக்கு டிரா கோருவது விலக்கு. எழுதியதை அப்புறம் மாற்ற முடியாது. எண்ணிக்கை தப்பாக இருந்தால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடும், எழுதியதையே ஆட வேண்டும். 1971-இல் பியூனஸ் அயர்ஸில் முன்னாள் உலக சாம்பியன் பெட்ரோசியானுடன் ஆடிய மூன்றாவது ஆட்டத்தில் அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் ஃபிஷர் டிரா எடுத்ததும் மூன்று முறை வந்த நிலையால்தான்.

இன்னொருவர்:
63-வது நகர்த்தலில் எதிராளி ஈ4-க்குப் பதில் ஜி4 போயிருந்தால்? 59, 61-இல் வந்த அதே நிலை, ஆட வேண்டியவரும் நீங்கள்தான். எதையும் எழுதாமல், தொடாமல் கிளாக்கை நிறுத்தி டிரா கேட்டிருக்கலாம். ஈ4 போனதால் அந்த வாய்ப்பும் போனது.

கேட்டவர்:
அதை நான் பார்க்கவே இல்லை. இனி ஸ்கோர்ஷீட் ஓரத்தில் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளலாமா?

பதில்:
வேண்டாம் தம்பி, அது குறிப்பு எழுதிய கணக்கில் சேரும். நகர்த்தல்களைத் தெளிவாக எழுதுங்கள், அதைப் பார்த்தே எண்ணலாம்.