விம் செத்தால் எழுதியதெல்லாம் போச்சா?

மேலக்காற்று:
"விம் பாதியில் செத்தால் சேமிக்காதது போனது போனதுதான்" என்று, உரை எழுதும் மென்பொருளான விம் பற்றி நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சலாக வந்தது. நீங்கள் திறந்த கோப்புக்குப் பக்கத்திலேயே, பெயர் புள்ளியில் தொடங்கும் ஸ்வாப் கோப்பு (சேமிக்காததை விம் தானே எழுதி வைக்கும் தற்காலிகக் கோப்பு) ஒன்று உட்கார்ந்திருக்கும். 200 எழுத்து அடித்தாலோ, 4 விநாடி கை ஓய்ந்தாலோ அதில் ஏறிவிடும். போனால் 200 எழுத்து போகும், அவ்வளவுதான்.

கூழாங்கல்:
எழுதியது நான்தான். மின்சாரம் போய் மூன்று மணி நேர வேலையை இழந்தேன். 200 எழுத்தா போனது?

மேலக்காற்று:
திரும்பத் திறந்தபோது ஸ்வாப் கிடக்கிறது என்று இ325 (E325) எச்சரிக்கை வந்திருக்குமே? ஆர் (R) தட்டினால் மீட்கும், டி (D) தட்டினால் ஸ்வாப்பையே அழித்துவிடும். நீங்கள் எதைத் தட்டினீர்கள்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

கூழாங்கல்:
எச்சரிக்கையே வரவில்லை ஐயா. போன வருடம் "ஸ்வாப்பை நிறுத்தும் நோஸ்வாப்ஃபைல் போடுங்கள், குப்பை சேராது" என்று இங்கே அமைப்புக் கோப்பைப் பகிர்ந்தது யார்? நீங்கள்தானே?

மேலக்காற்று:
கடவுச்சொல் வைக்கும் கோப்புகளுக்கு மட்டும் என்று மேலேயே எழுதியிருந்தேன். படிக்காமல் ஒட்டியது என் குற்றமா? ஸ்வாப் இருந்தால் 200 எழுத்துக்கு மேல் போகாது.

ஊர்க்குருவி:
ஈமேக்ஸ் என்ற இன்னொரு எழுதும் மென்பொருளுக்கு வாருங்கள். 300 விசைத் தட்டுக்கு ஒருமுறை, இல்லை 30 விநாடி சும்மா விட்டால், பெயரின் இரு பக்கமும் # போட்ட கோப்பில் தானே சேமிக்கும்.

மேலக்காற்று:
300 பெரிதா, 200 பெரிதா? கணக்குத் தெரியுமா?

ஊர்க்குருவி:
நான் சொன்னது தட்டு. உங்கள் 200 எந்த எழுத்து? 'கொ' நமக்கு ஒரு எழுத்து, கணினி எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் இரண்டு குறி, அதைக் கோப்பில் எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஆறு பைட். எதை எண்ணுகிறீர்கள்?

மேலக்காற்று:
விம் உதவிப் பக்கத்தில் அப்டேட்கவுண்ட் என்று தேடுங்கள், எத்தனை எழுத்துக்கு ஒருமுறை ஸ்வாப்பில் ஏற்றுவது என்ற அமைப்பு அது. 200 என்று போட்டிருக்கிறது. 200தான்.

தாழம்பூ:
எதற்கு இவ்வளவு சண்டை? செய்த மாற்றங்களைப் பின்னால் திருப்ப, அவற்றைத் தனிக் கோப்பில் வைக்கும் அண்டூஃபைல் போட்டால் போதுமே.

மேலக்காற்று:
அது கோப்பைச் சேமிக்கும்போதுதான் எழுதப்படும். சேமிக்காமல் போனதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம், நடுவில் வந்து குழப்பாதீர்கள்.

தாழம்பூ:
கேட்டதற்கு இப்படியா பேசுவது? உங்களுக்கு எப்போதும் இதே வேலை.

மேலக்காற்று:
தப்பைத் தப்பு என்றுதான் சொல்வேன். இன்னொன்றும் கேளுங்கள். மீட்டதை வேறு பெயரில் சேமித்து, பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்து, அப்புறம் ஸ்வாப்பைக் கையால் அழிக்க வேண்டும். இல்லையென்றால் எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும். இவ்வளவு செய்தால் 200 எழுத்துக்கு மேல்...

கூழாங்கல்:
மீட்க ஸ்வாப் இருந்தால்தானே? உங்கள் அந்தப் பதிவு இன்னும் அப்படியே இருக்கிறது. முதலில் அதைத் திருத்துங்கள்.

மேலக்காற்று:
திருத்த அதில் ஒன்றும் இல்லை.