உப்புக்காற்றில் ஓடிய எங்கள் அம்பாசிடர்

கடலூர் தேவனாம்பட்டினத்தில், கடற்கரைக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் எங்கள் வீடு இருந்தது. அந்த உப்புக்காற்றில் இரும்பு எதுவும் முழு ஆயுள் வாழ்ந்ததில்லை. சன்னல் கம்பிக்கே ஆண்டுதோறும் சுரண்டிப் பெயிண்ட் அடிக்க வேண்டும். அங்கேதான் அப்பா, 1986ஆம் ஆண்டில், 1968ஆம் ஆண்டு மாடல் அம்பாசிடர் மார்க் 2 கார் ஒன்றை வாங்கி வந்து நிறுத்தினார். எங்களுக்கு முன்பே அது மூன்று கை மாறியிருந்தது என்பதை ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டித்தான் அம்மா தெரிந்துகொண்டார்.

பேட்டரி சோர்ந்த காலைகளில் முன்புறத் துளையில் ஹேண்டிலைச் செருகிச் சுற்றினால்தான் எஞ்சின் உயிர் பெறும். கட்டை விரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் திருப்பி உதைக்கும்போது விரல் போய்விடும் என்று அப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்தது, சைக்கிள் விடக் கற்றுக்கொடுப்பதற்கும் முன்பு. அது சரியா என்று இன்று கேட்டால், சரியில்லை என்றுதான் சொல்வேன்.

கத்திரி வெயிலில் வேறொரு தொல்லை உண்டு. பண்ருட்டியில் பலாப்பழம் வாங்கி டிக்கியில் ஏற்றிக்கொண்டு திரும்பும்போதெல்லாம், நெல்லிக்குப்பத்தைத் தாண்டுவதற்குள் வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிடும். சூட்டில் பெட்ரோல் பம்பிலேயே ஆவியாகி, கார்புரேட்டருக்குப் போய்ச் சேராமல் நின்றுவிடுவதுதான் காரணம். அதற்காகவே அம்மா ஒரு தூக்குவாளியில் தண்ணீரும் பழைய துண்டும் வைத்திருப்பார். பானெட்டைத் திறந்து, நனைத்த துண்டைப் பம்பின் மேல் சுற்றிவிட்டு, கால் மணி நேரம் புளியமர நிழலில் உட்கார்ந்திருப்போம். பழத்தின் வாசனையோடு சூடான எஞ்சின் ஆயிலின் வாடையும் கலந்து வரும். எனக்குப் பலாச்சுளை இன்றும் அப்படித்தான் மணக்கிறது.

அப்பாவிடம் ஒரு பழைய சேத்தக் ஸ்கூட்டரும் இருந்தது. உதைத்துப் பார்ப்பதற்கு முன் அதை ஒரு பக்கமாகச் சாய்த்து நிமிர்த்த வேண்டும், பிளக்கை உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். அதைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

காரின் பின்னிருக்கையின் கீழே தரை துருப்பிடித்து, உள்ளங்கை அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. அதன் வழியே சாலை ஓடுவதைப் பார்ப்பதற்காகவே நானும் தங்கையும் அந்தப் பக்கத்து இடத்துக்குச் சண்டை போடுவோம். ஒருநாள் புதுச்சேரிக்குப் போகும் வழியில், பெண்ணையாற்றுப் பாலத்தின் மேல், அவளுடைய வெள்ளிக் கொலுசு ஒன்று அந்த ஓட்டையில் விழுந்துவிட்டது. அப்பா இறங்கித் திரும்பி நடந்து தேடியும் கிடைக்கவில்லை. மறுநாளே நல்லெண்ணெய் டின் ஒன்றை வெட்டித் தட்டி, ஓட்டையின் மேல் வைத்து ஆணியடித்து, மிதியடியைப் போட்டு மூடினார். தகரத்தில் ‘சுத்தமான நல்லெ’ வரைக்கும் எழுத்து இருந்தது.

1994இல் காரை வாங்க வந்தவர் எஞ்சினை ஓட்டிக் கேட்டார், டயரை உதைத்துப் பார்த்தார், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியாக மிதியடியைத் தூக்கி, அந்த எழுத்தை வாய்விட்டுப் படித்துவிட்டு, பேசிய விலையில் 500 ரூபாயைக் குறைத்தார். தகரம் புதுத் தகரம்தான் என்று அப்பா அவரிடம் வெகுநேரம் வாதாடிக்கொண்டிருந்தார்.