விசுவாசமும் விஞ்ஞானமும்: படித்த புத்தகங்கள், பட்ட அனுபவங்கள்

நெல்லை விலங்கியல் டீச்சர்:

எனக்கு இரண்டு வகுப்புகள் உண்டு. வாரநாட்களில் பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல், ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் ஓய்வுநாள் பள்ளி. பரிணாமம் பாடம் நடக்கிற வாரத்தில், "மிஸ், அப்போ ஆதாம் ஏவாள்?" என்று ஒரு குரல் வராமல் இருந்ததே இல்லை. கேட்பது பெரும்பாலும் எங்கள் சபைப் பிள்ளையாகத்தான் இருக்கும். மிஸ் என்ன சொல்லப்போகிறார் என்று மற்றப் பிள்ளைகளும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அந்தக் கேள்விக்காகத்தான் விசுவாசத்தையும் விஞ்ஞானத்தையும் சேர்த்துப் பேசுகிற புத்தகங்களைத் தேட ஆரம்பித்தேன். என் அனுபவத்தில், கடவுளை நிரூபித்துக் காட்டுகிறேன் என்று கிளம்பிய புத்தகங்கள் சீக்கிரம் பழசாகிவிடுகின்றன. ஆய்வுக்கூடத்திலோ ஆஸ்பத்திரியிலோ காலம் கழித்த ஒருவர் தன் வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போக, அவருடைய விசுவாசம் ஊடே தெரிகிற புத்தகங்கள்தான் திரும்ப எடுத்துப் படிக்கும்படி இருக்கின்றன.

முதலில் படித்தது பிரான்சிஸ் காலின்ஸ் எழுதிய 'தி லாங்குவேஜ் ஆஃப் காட்'. மனித மரபணுத் தொகுதியைப் படித்தறியும் சர்வதேசத் திட்டத்துக்குத் தலைமை தாங்கியவர். 2000 ஜூனில் வெள்ளை மாளிகையில் கிளின்டன் பக்கத்தில் நின்று முதல் வரைவை அறிவித்தவர்களில் ஒருவர். இளவயதில் நாத்திகர். நெஞ்சுவலியால் அவதிப்பட்ட ஒரு வயதான நோயாளி தன் விசுவாசத்தைச் சொல்லிவிட்டு, "டாக்டர், நீங்கள் எதை நம்புகிறீர்கள்?" என்று கேட்டதும் பதில் சொல்லத் திணறியதாக எழுதுகிறார். புத்தகம் வந்தது 2006இல், கடவுள் நம்பிக்கையே மாயை என்று வாதிடும் டாக்கின்ஸின் 'தி காட் டெலூஷன்' வந்த அதே வருடம்.

வகுப்புக்கு உதவியது அதிலிருக்கிற இரண்டாம் குரோமோசோம் விஷயம். சிம்பன்சிக்கு 24 ஜோடி, நமக்கு 23. ஒரு ஜோடி எங்கே போயிற்று? வழக்கமாகக் குரோமோசோமின் நுனியில் இருக்கும் டீலோமியர் வரிசை, நம்முடைய இரண்டாம் குரோமோசோமின் உள்ளே கிடக்கிறது. செயலிழந்த இன்னொரு சென்ட்ரோமியரின் (குரோமோசோமின் இடுப்பு போன்ற பகுதி) மிச்சமும் இருக்கிறது. தனித்தனியாக இருந்த இரண்டு எப்போதோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கரும்பலகையில் இரண்டு நிறச் சாக்பீஸில் வரைந்து, ஒட்டிய இடத்தில் ஒரு வட்டம் போட்டுக் காட்டுவேன். இதையெல்லாம் சொல்பவர் ஜெபம் பண்ணுகிற கிறிஸ்தவர் என்றதும் பிள்ளைகள் முகத்தில் ஒரு ஆச்சரியம் வரும். "ஒட்ட வச்சது யாரு மிஸ்?" என்று ஒருவன் கேட்டான். அது பரீட்சைக்கு வராது, ஞாயிற்றுக்கிழமை வா என்றேன். வந்தான்.

அதே புத்தகத்தில் எனக்கு ஒட்டாத இடங்களும் உண்டு. மலையேறப் போன இடத்தில், மூன்று கிளைகளாக உறைந்து நின்ற ஒரு அருவியைப் பார்த்ததாகவும், மறுநாள் காலையில் புல்லில் முழங்கால்படியிட்டு இயேசுவுக்குத் தன்னை ஒப்புக்கொடுத்ததாகவும் சொல்கிறார். சாட்சி என்ற அளவில் மனதைத் தொடுகிறது. ஆனால் எங்கள் சபையில் ஒருவர் அதைத் திரித்துவத்துக்கு (பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற மூவரும் ஒரே கடவுள் என்பதற்கு) ஆதாரமாகவே எடுத்துப் பேசினார். குற்றாலத்துக்குப் போய் ஐந்தருவியைப் பார்த்தவர் என்ன முடிவுக்கு வருவாராம்?

அப்புறம் ஒரு வாலிபர் முகாம். வெளியூரிலிருந்து வந்திருந்த பேச்சாளர் திரையில் ஒரு படம் போட்டார். அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்துப் பலக்ஸி ஆற்றுப் படுகை, பாறையில் டைனோசர் தடமும் மனிதக் காலடியும் அருகருகே. "பரிணாமம் பொய் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?" என்றார். ஒரே அல்லேலூயா. அந்தத் தடங்களைப் பற்றி நான் படித்திருந்தேன். நீளமாகத் தெரிகிற தடங்கள் பலவும், டைனோசர் குதிப்பகுதியையும் ஊன்றி நடந்ததால் வந்தவை. விரல் பதிந்த பள்ளங்களைச் சேறு நிரப்பிவிட்டதால் மனிதக் கால் போலத் தெரிகின்றன. அவற்றை வைத்துப் படம் எடுத்த கிறிஸ்தவ நிறுவனமே 1986இல் அந்தப் படத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. சாப்பாட்டு வேளையில் பேச்சாளரிடம் மெதுவாகச் சொன்னேன். "சிஸ்டர், உங்களுக்குப் படிப்பு ஜாஸ்தி, விசுவாசம் கம்மி" என்று சிரித்துவிட்டு ரசம் ஊற்றிக்கொண்டார்.

அன்றைக்குப் பழங்காலத் திருச்சபையின் பிஷப் அகஸ்டின்தான் துணைக்கு வந்தார். வேதத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தைப் பற்றி அவர் எழுதிய விளக்கத்தில் ஒரு இடம் இருக்கிறது. வானத்தையும் பூமியையும் நட்சத்திரங்களையும் பற்றி நன்றாகத் தெரிந்த ஒரு அவிசுவாசி முன்னால், வேதத்தைக் காட்டி ஒரு கிறிஸ்தவன் உளறினால் அவன் சிரிப்பான்; கண்ணால் பார்க்கிற விஷயத்திலேயே தப்பாகப் பேசுகிறவர்கள் உயிர்த்தெழுதலைப் பற்றிச் சொன்னால் எப்படி நம்புவான் என்று கேட்கிறார். ஆயிரத்து அறுநூறு வருடத்துக்கு முந்தைய எழுத்து. ஸ்லைடு காலத்துக்கும் பொருந்துகிறது.

மைக்கேல் பீஹியின் 'டார்வின்ஸ் பிளாக் பாக்ஸ்' 1996இல் வந்தது. பாக்டீரியா நீந்துவதற்கு வைத்திருக்கிற வால் போன்ற கசையிழையில் ஒரு பாகத்தை எடுத்தாலும் எதுவும் ஓடாது, ஆகவே படிப்படியாக வந்திருக்க முடியாது, யாரோ வடிவமைத்திருக்க வேண்டும் என்பது அவர் வாதம். ஆனால் அந்தக் கசையிழையின் அடிப்பாகத்தை ஒத்த அமைப்பு, வேறு சில பாக்டீரியாக்களில் புரதங்களை ஊசிபோலச் செலுத்தும் வேலையைத் தனியாகச் செய்கிறது. 2005இல் பென்சில்வேனியாவின் டோவர் வழக்கில், இந்தக் கருத்தைப் பள்ளி அறிவியல் வகுப்பில் நுழைப்பதற்கு எதிராகச் சாட்சி சொன்னவர்களில் கென்னத் மில்லர் இருந்தார். அவர் கத்தோலிக்கர், உயிரியலாளர். ஹிட்லரின் சிறையிலிருந்து ஜெர்மன் போதகர் போன்ஹோஃபர் 1944 மே மாதம் எழுதிய கடிதமும் இதைத்தான் சொல்கிறது. நம் அறிவு நிற்கிற ஓட்டையை அடைக்கக் கடவுளைப் பயன்படுத்தினால், அறிவு வளர வளரக் கடவுள் பின்வாங்கிக்கொண்டே போவார்; தெரிந்தவற்றில் அவரைக் காண வேண்டும் என்று எழுதியிருக்கிறார். அவர் அப்போது சிறையில் படித்துக்கொண்டிருந்ததும் ஒரு இயற்பியல் புத்தகம்தான்.

இனி நான் பேச வந்த ஆளுக்கு வருகிறேன். டாக்டர் பால் பிராண்ட். 1914இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். லண்டனில் படித்துவிட்டு 1946இல் வேலூர் சி.எம்.சிக்கு (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) வந்தார். அவரும் எழுத்தாளர் பிலிப் யான்சியும் சேர்ந்து வலியைப் பற்றி எழுதிய 'பெயின்: தி கிஃப்ட் நோபடி வான்ட்ஸ்' (வலி: யாரும் விரும்பாத ஈவு) 1993இல் வந்தது. என் மாமனார் அலமாரியில் முன்னட்டை கிழிந்து கிடந்தது.

செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்கு, டாக்டர் காக்ரேனைப் பார்க்கப் போகிறார். விரல்கள் உள்ளே மடங்கிப்போன ஒருவரிடம், என் கையை இறுக்கிப் பிடியுங்கள் என்கிறார். செத்த கை, என்ன பிடித்துவிடப் போகிறது என்று நினைப்பு. நகம் சதையில் இறங்குகிற மாதிரி ஒரு பிடி! வலி தாங்காமல் இவர் நிமிர்ந்து பார்த்தால், அவர் முகத்தில் ஒன்றுமில்லை. தான் நோகடிக்கிறோம் என்பதே தெரியவில்லை. அப்படியானால் அந்தக் கையில் நல்ல தசைகள் மிச்சமிருக்கின்றன. நல்ல தசையின் தசைநாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலைக்கு மாற்றி இணைக்கும் அறுவைச் சிகிச்சைகள் அந்தப் பிடியிலிருந்து ஆரம்பித்தவை.

இன்னொரு நாள், வேலூரில் ஒரு அறையின் துருப்பிடித்த பூட்டு. டாக்டரால் சாவியைத் திருப்ப முடியவில்லை. ஏறக்குறைய பன்னிரண்டு வயது நோயாளிப் பையன் ஒருவன், நான் பார்க்கிறேன் என்று வாங்கி ஒரே திருப்பில் திறந்துவிடுகிறான். தரையில் ரத்தச் சொட்டு. சாவி அவன் விரலை எலும்பு தெரியக் கிழித்திருக்கிறது. அவனுக்குத் தெரியவே தெரியாது. விரல்கள் அழுகி விழுவதில்லை, உணர்வு போனதால் அன்றாட வேலையிலேயே தேய்ந்து காயப்பட்டுப் போகின்றன என்று பிராண்ட் பிடித்த தடம் இப்படிப் பலப்பட்டது. அப்புறம் ஒவ்வொரு புண்ணுக்கும் துப்புத் துலக்குகிறார்கள். இது சூடான பாத்திரம், இது செருப்பில் துருத்திய ஆணி. ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போன விரல் துண்டுகளுக்குக் காரணம் எலி. வீட்டுக்குப் போகிற நோயாளிக்கு மருந்தோடு ஒரு பூனையும் கொடுத்து அனுப்பினார்கள்.

தெரியாத இடத்தில் "கர்த்தரின் சித்தம்" என்று எழுதி நிறுத்திக்கொள்ளாத விசுவாசி இவர். எலியைத் தேடிப் போனார். பிற்பாடு அமெரிக்காவில், வலியுணர்வு இல்லாதவர்களுக்குச் செயற்கை வலி செய்து கொடுக்கப் பார்த்தார்: கையுறையில் அழுத்தமானிகள், அளவு மீறினால் சத்தம், அதற்கும் மேலே மின்னதிர்ச்சி. நோயாளிகள் செய்ய நினைத்த வேலைக்கு அது இடைஞ்சல் என்றால் சுவிட்சை அணைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. அந்தத் தோல்வியைத்தான் புத்தகத்தின் நடுவில் வைத்திருக்கிறார். வலியை அணைக்கும் சுவிட்ச் நம் கைக்கு எட்டாமல் இருப்பதன் அருமையை ஒரு பொறியியல் தோல்வியிலிருந்து எடுத்துக் காட்டுகிறார்.

இதே இருவர் 1980இல் எழுதிய 'ஃபியர்ஃபுல்லி அண்ட் ஒண்டர்ஃபுல்லி மேட்' நம் ஊரில் அதிகம் பேருக்குத் தெரியும். "நான் பிரமிக்கத்தக்க அதிசயமாய் உண்டாக்கப்பட்டபடியால், உம்மைத் துதிப்பேன்" என்ற 139ஆம் சங்கீதத்திலிருந்து வந்த தலைப்பு. செல், எலும்பு, தோல் என்று ஒவ்வொன்றையும் சபைக்கு உவமையாக்கிக்கொண்டே போகிறார்கள். பாதிக்கு மேல் எனக்குச் சலித்துவிட்டது. போதகர்களுக்குப் பிரசங்கக் குறிப்புக்கு உதவும்.

வலிநிவாரணப் பிரிவு நர்ஸ்:

டீச்சரம்மா, பிராண்ட் புத்தகத்தை நானும் படித்திருக்கிறேன், மதிக்கிறேன். ஆனால் எங்கள் வார்டுக்கு வருகிறவர்கள் அதைப் படிக்காமலே அதன் தலைப்பை மட்டும் கொண்டுவந்துவிடுகிறார்கள். எலும்பு வரை புற்று பரவிய ஒரு அம்மா. பக்கத்தில் ஜெபிக்க வந்த ஒருவர், "வலியும் ஆண்டவர் கொடுத்த ஈவு, தாங்கிக்கொள்ளுங்கம்மா" என்றார். அந்த அம்மா கட்டில் கம்பியைப் பிடித்த பிடியை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மார்ஃபின் என்ற வலிமருந்து கொடுக்கிற வேளை வந்திருந்தது. கொடுத்தேன். கொஞ்சம் அடங்கின பிறகு, "சிஸ்டர், இப்போ ஒரு பாட்டுப் பாடுங்க" என்று அவர்களே கேட்டார்கள். விரலைக் காப்பாற்றுகிற வலி வேறு, காப்பாற்ற ஒன்றுமில்லாத நேரத்து வலி வேறு. தொழுநோய் வார்டில் கண்டுபிடித்ததைப் புற்றுநோய் வார்டில் அப்படியே பேசக்கூடாது.

திருச்சி இயற்பியல்:

நான் கத்தோலிக்கன். எங்கள் பங்கில் ஒரு மறையுரையில், பெருவெடிப்பும் "ஒளி தோன்றுக" என்ற வசனமும் ஒன்றே, அறிவியல் இப்போதுதான் தொடக்கநூலிடம் (டீச்சர் சொன்ன ஆதியாகமம்) வந்து சேர்ந்திருக்கிறது என்று கேட்டேன். பூசை முடிந்து வெளியே வந்து பங்குத்தந்தையிடம் ஜார்ஜ் லமேத்ர் பெயரைச் சொன்னேன். பெல்ஜியம் நாட்டுக் குரு. பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இலேயே கணக்குப் போட்டவர். உங்கள் கணக்குச் சரி, இயற்பியல் சகிக்கவில்லை என்று ஐன்ஸ்டைன் அவரிடமே சொன்னார். பிரபஞ்சம் ஒரே ஆதி அணுவிலிருந்து தொடங்கியது என்ற கருத்தை, பெருவெடிப்பின் முன்னோடியை, லமேத்ர் 1931இல் வெளியிட்டார்.

1951இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், கடவுள் உலகைப் படைத்தார் என்பதற்கு இந்த அறிவியல் சான்று சொல்வதாகப் பேசினார். இன்னொரு குருவாக இருந்தால் மாலை போட்டுக்கொண்டிருப்பார். லமேத்ர் சங்கடப்பட்டார். தன் கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது, நாத்திகரும் அதை ஏற்கலாம் மறுக்கலாம் என்பது அவர் நிலை. வத்திக்கான் வானியல் ஆய்வகத்துத் தலைவரோடு சேர்ந்து எடுத்துச் சொன்ன பிறகு, அடுத்த வருடம் ரோமில் வானியலாளர்கள் கூடியபோது திருத்தந்தை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஜான் ஃபாரெல் எழுதிய வாழ்க்கை வரலாறு 2005இல் வந்தது, எளிதாகப் படிக்கலாம். எங்கள் சாமியார் கேட்டுக்கொண்டார். மறு ஞாயிறு மறையுரை மன்னிப்பைப் பற்றி இருந்தது, அதனால் என்ன ஆயிற்று என்று சொல்லத் தெரியவில்லை.

நெல்லை விலங்கியல் டீச்சர்:

சிஸ்டர், நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. அந்த அம்மாவிடம் பேசியவர் புத்தகத்தைத் திறந்திருந்தால் வலியைச் சமிக்ஞை, செய்தி, எதிர்வினை என்று மூன்று கட்டமாக பிராண்ட் பிரிப்பதைப் பார்த்திருப்பார். ஒவ்வொரு கட்டத்திலும் எப்படிக் குறைக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார். மருந்தை எதிர்க்கிற புத்தகம் இல்லை. ஆனாலும் தலைப்புக்கு ஒரு எச்சரிக்கைக் குறிப்பு வேண்டும் என்றுதான் தோன்றுகிறது.

திருச்சிக்காரர் இயற்பியல் என்பதால் ஒன்று கேட்கிறேன். ஜான் போல்கிங்ஹார்ன் கேம்பிரிட்ஜில் கணித இயற்பியல் பேராசிரியராக இருந்து, 1979இல் வேலையை விட்டு, 1982இல் ஆங்கிலிக்கன் குருவானவர். அவருடைய டீ உதாரணம் பிரபலம்: கெட்டிலில் தண்ணீர் ஏன் கொதிக்கிறது? கேஸ் எரிவதால். எனக்கு டீ வேண்டும் என்பதால். இரண்டு பதிலும் சரி, ஒன்றையொன்று வெட்டுவதில்லை. எஞ்சினியரிங் படிக்கிற என் மகளிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். "சரிம்மா, ஆனா டீ கேக்குற ஆளை அடுப்பங்கரையில நான் நேர்ல பார்க்குறேன். அது தெரிஞ்சதாலதான் ரெண்டாவது பதில் சரின்னு எனக்குத் தெரியுது. ஆளே தெரியலைன்னா?" என்றாள்.

ஓய்வுநாள் பள்ளியில் நான் சொல்லிக்கொடுக்கிற பதிலை அவளிடம் சொன்னால் மார்க் போடமாட்டாள். போல்கிங்ஹார்ன் இதற்கு எங்கேயாவது பதில் எழுதியிருந்தால், புத்தகப் பெயரும் பக்க எண்ணும் சொல்லுங்கள்.