மண்ணில் சத்து உண்டு, வேருக்கு எட்டவில்லை: அனுபவப் பகிர்வு

மண் பரிசோதனையில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) போதுமான அளவு இருப்பதாக முடிவு வந்திருந்தும், எங்கள் மக்காச்சோள இளம்பயிரின் இலை ஓரங்களில் ஊதா நிறம் ஏறி வளர்ச்சியின்றி நின்றது. ஒரு செடியை மண்கட்டியோடு பெயர்த்து வாளி நீரில் அலசியபோது காரணம் புலப்பட்டது: இறுகிய அடிமண்ணைத் துளைக்க இயலாமல் வேர்கள் தடித்துக் குட்டையாகிப் பக்கவாட்டில் மடங்கியிருந்தன. நைட்ரேட்டாக உள்ள தழைச்சத்து (நைட்ரஜன்), செடி உறிஞ்சும் நீரோடு சேர்ந்தே வேரை வந்தடைகிறது; மணிச்சத்தோ மண்துகள்களில் இறுகப் பற்றிக்கொள்வதால் ஒரு பருவம் முழுவதும் சில மில்லிமீட்டர் தூரம்கூட நகர்வது அரிது. வேரை ஒட்டிய மெல்லிய மண்வளையத்தில் அது தீர்ந்துவிட்டால், புதிய வேரும் வேர்த்தூவிகளும் வேரோடு கூடி வாழும் பூஞ்சையின் இழைகளும்தான் அடுத்த மண்ணை எட்ட வேண்டும். குளிர்ந்த மண்ணில் அந்த வளர்ச்சியும் மந்தப்பட்டிருந்தது. வெயில் ஏறி மண் சூடானதும், கூடுதலாக உரம் எதுவும் இடாமலே புதிய இலைகள் பச்சையாக வந்தன.

---

மேலே எழுதியவரின் அனுபவம் மணிச்சத்தைப் பற்றியது. எனக்கு நேர்ந்தது இரும்பில். சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் நேரடி விதைப்பு செய்த நெல்லின் இளம் இலைகள், நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, இடையில் வெளிறின. அதே மண்ணில் முந்தைய பருவத்தில் வாற்கோதுமை குறையின்றி விளைந்திருந்தது. பெரும்பாலான மண்ணில் கிலோவுக்கு 10 கிராமுக்கும் மேல் இரும்பு இருக்கும், ஆனால் காரத்தன்மையுள்ள, காற்றோட்டமான மண்ணில் அது கரைவதே இல்லை என்று சொல்லலாம். புல்லினப் பயிர்கள் இதற்கென ஒரு வழி வைத்திருக்கின்றன: இரும்பைப் பற்றிக் கரைக்கும் அமிலங்களை வேர்வழியே வெளியிட்டு, அந்தச் சேர்மத்தை அப்படியே உறிஞ்சிக்கொள்கின்றன. ஓட்ஸ், நெல் ஆகியவற்றின் வேர் கழுவிய நீரில் இத்தகைய பொருள் இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர் தகாகி 1976-இல் வெளியிட்டார். வாற்கோதுமை இதை விடிந்து சில மணி நேரத்துக்குள் மிகுதியாகச் சுரக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பூட்டும் செய்தி. நெல் சுரப்பது மிகக் குறைவு. தேங்கிய நீரில் இரும்பு தானே கரைந்து கிடைப்பதால் அதற்கு அந்தத் தேவை பெரிதாக எழுவதில்லை. வயலில் நீர் நிறுத்தி, இலைவழியாக இரும்பு சல்பேட் கரைசலும் தெளித்த பின்பு பயிர் தேறியது.

---

நீர் தேங்கிய வயலில் கரைந்த இரும்பு அளவுக்கு மீறினால் நஞ்சாகவும் ஆகும். நெற்பயிரைப் பிடுங்கிப் பார்த்தால் முதிர்ந்த வேர்களில் செம்பழுப்புப் பூச்சும், வளரும் நுனிகளில் வெண்மையும் தெரியும். தண்டின் வழியாக இறங்கும் ஆக்சிஜன் வேரிலிருந்து கசிந்து, இரும்பை வெளியிலேயே துருவாகப் படியச் செய்கிறது. வேர்கள் கறுத்து அழுகல் நாற்றம் வீசினால் நான் உரமிடுவதை நிறுத்திவிட்டு, முதலில் நீரை வடிக்கிறேன்.