கிரவுண்டு கட்டப் பணம் கிடைத்தது, லைட் எரியத்தான் கிடைக்கவில்லை

வடசென்னையில் ஒரு ஹவுசிங் போர்டு குடியிருப்பில் பசங்களுக்கு ஃபுட்பால் சொல்லிக்கொடுக்கும் குழுவில் இருக்கிறேன். "பசங்க விளையாட கிரவுண்டு கட்ட நிதி எங்கே கேட்கலாம்?" என்று பல பேர் கேட்டிருந்ததால் எங்கள் கதையைச் சொல்கிறேன்.

தொகுதி வேலைகளுக்கான எம்.பி. நிதி ஆண்டுக்கு 5 கோடி, எம்.எல்.ஏ. நிதி 3 கோடி. கேட்கப் பெரிய தொகைதான், ஆனால் அதில் ஒரு ரூபாய்கூட நம் சங்கத்தின் கைக்கு வராது. எம்.பி. பரிந்துரைப்பார், கலெக்டர் மாதிரி பொறுப்பு அதிகாரி அனுமதி கொடுப்பார், வேலையை மாநகராட்சி மாதிரி ஏதாவது ஓர் அரசு அமைப்பு செய்யும். நிதியில் 15 சதவீதம் பட்டியலினத்தவர் வாழும் பகுதிகளுக்கு, 7.5 சதவீதம் பழங்குடியினர் பகுதிகளுக்கு என்று வழிகாட்டு நெறிமுறையிலேயே இருக்கிறது. மனுவில் அதை எடுத்துக்காட்டி எழுதுங்கள், பலன் இருக்கும்.

எங்களை அலையவைத்தது நிலம்தான். குடியிருப்பைக் கட்டியது ஒரு துறை, குப்பை அள்ளுவது இன்னொரு துறை. தடையில்லாச் சான்று யார் தருவது என்று இரண்டு ஆபீசும் ஒன்றையொன்று கை காட்டின. கவுன்சிலர் நல்லவர், கூடவே வந்தார். அப்படியும் சான்று கிடைப்பதற்குள் ஒரு பேட்ச் பசங்க ஸ்கூலே முடித்துவிட்டார்கள்.

நடுவில் 'நமக்கு நாமே' திட்டத்தையும் பார்த்தோம். பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். 6 லட்சத்துக்கு எஸ்டிமேட் என்றால் 2 லட்சம் நம்முடையது. பெயின்ட் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர்களிடம் அதை எப்படி வசூலிப்பது? வசதியான பகுதிக்குச் சுலபமாகக் கிடைக்கும் திட்டம், எங்களுக்கு ஒரு கடைக்காரரின் தயவை நம்பித்தான் நின்றது. அவரும் கடைசியில் கம்பிவேலிக்கு மட்டும் கொடுத்தார்.

சி.எஸ்.ஆர்., அதாவது கம்பெனிகள் சமூகப் பணிக்குச் செலவிடும் நிதி, அந்தப் பக்கம் போனால் வேறு மாதிரி. கம்பெனிச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் விளையாட்டுப் பயிற்சி இருக்கிறது, அதனால் கேட்பதில் தப்பில்லை. ஆனால் பணம் வாங்கும் அமைப்பு சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிந்திருக்க வேண்டும், 12ஏ, 80ஜி என்ற வருமான வரிப் பதிவுகள் வேண்டும், மூன்று வருஷமாவது அதே மாதிரி வேலை செய்த சரித்திரம் வேண்டும். நாங்கள் பதிவே செய்யாத டீம். ஏற்கெனவே பதிவுள்ள ஒரு தொண்டு அமைப்பின் வழியாகப் போனோம். கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்தார்கள், பசங்களோடு போட்டோ எடுத்தார்கள், ஜெர்சி கொடுத்தார்கள். ஜெர்சியில் அவர்கள் பெயர் எங்கள் டீம் பெயரைவிடப் பெரிசு! பரவாயில்லை, கொடுத்தவர்கள்தானே.

எல்லாம் தாண்டி எம்.பி. நிதியில் கிரவுண்டு வந்தது. ஃப்ளட்லைட்டும் போட்டார்கள். அப்புறம்தான் கரன்ட் பில் யார் கட்டுவது என்ற கேள்வி. எம்.பி. நிதியில் நிரந்தரச் சொத்துதான் உருவாக்கலாம், தொடர்செலவுக்கு இடமில்லை. கட்டினவர்களிடம் பராமரிப்புக்குத் தனிப் பணம் இல்லை. கோச் சம்பளம், வலை மாற்றுவது, கழிவறை சுத்தம், எல்லாமே இந்தத் தொடர்செலவுக் கணக்கில்தான் மாட்டிக்கொள்கிறது. பெண் பிள்ளைகள் சாயங்காலம் வராமல் போனதற்கு இருட்டும் பூட்டிய கழிவறையும்தான் காரணம், வேறு எதுவுமில்லை.

2024-இல் சென்னை மாநகராட்சி 9 கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விடத் தீர்மானம் போட்டது ஞாபகம் இருக்கும். விளையாட ஒரு ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய். எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றார்கள். அந்தத் தீர்மானம் அநியாயம்தான். ஆனால் பராமரிப்புக்கு வழி வைக்காமல் டர்ஃப் (செயற்கைப் புல்தரை) போட்டால் இந்த யோசனை வேறு பெயரில் மறுபடி வரும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

2025-இல் பஹ்ரைன் ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வாங்கிய அணியில், எங்களை மாதிரியே ஒரு சென்னைக் குடியிருப்பான கண்ணகி நகரைச் சேர்ந்த பெண் ஒருவர் இருந்தார். அந்த மாதிரி ஜெயித்த பிறகு பரிசு வருகிறது, வரட்டும், சந்தோஷம். அதற்கு முந்தைய பத்து வருஷத்து லைட் பில்லுக்குத்தான் எந்தத் திட்டத்திலும் இடமில்லை.

இப்போது மனு தயாரிக்கிறவர்கள் ஒன்று செய்யுங்கள். மின் இணைப்பு யார் பெயரில், பில் எந்தத் துறை கட்டும், சாவி யாரிடம் இருக்கும் என்பதை எஸ்டிமேட் போடும்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள். திறப்பு விழா முடிந்துவிட்டால் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். எங்கள் சாவி இப்போதைக்கு டீக்கடையில் இருக்கிறது. பில்லுக்கு மாதாமாதம் பழைய பசங்க, வேலைக்குப் போகிறவர்கள், ஜிபே பண்ணுகிறார்கள்.