பெனால்டியைப் பக்கத்தில் தட்டிவிடுவது ஆட்டமா, அவமதிப்பா?

பன்னிரண்டு கஜம் எழுதியது:

2016 பிப்ரவரி 14 அன்று பார்சிலோனாவும் செல்டா விகோவும் ஆடிய ஆட்டத்தை நேற்று ஒரு நண்பருடன் உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். பார்சிலோனா 3-1 என்று முன்னிலையில் இருக்கும்போது ஒரு பெனால்டி கிடைக்கிறது. மெஸ்ஸி ஓடி வருகிறார். வலையைப் பார்த்து உதைக்காமல், பந்தை மெல்லப் பக்கவாட்டில் முன்னே தட்டிவிடுகிறார். பின்னாலிருந்து பாய்ந்து வந்த சுவாரெஸ் அதை வலைக்குள் அனுப்பி ஹாட்ரிக்கை முடிக்கிறார். கடைசியில் ஆட்டம் 6-1. நண்பருக்கு முகம் சிவந்துவிட்டது. "தோற்றுக்கொண்டிருப்பவனை இப்படி அசிங்கப்படுத்தலாமா?" என்றார்.

எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. அந்தப் பந்தை மெஸ்ஸியே அடித்திருந்தால் லா லீகாவில் அது அவருடைய 300வது கோல். அதை விட்டுக்கொடுத்துவிட்டு இன்னொருவருக்குத் தட்டிவிட்டார். விதியும் இதைத் தடுக்கவில்லை. பந்து முன்னோக்கிப் போக வேண்டும், வேறு யாராவது தொடும்வரை உதைத்தவர் மறுபடி தொடக்கூடாது. வலையைப் பார்த்துத்தான் உதைக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை.

இது புதிதும் இல்லை. 1982 டிசம்பரில் ஹெல்மண்ட் ஸ்போர்ட் அணிக்கு எதிராக அயாக்ஸின் யோஹன் க்ரைஃப் இதையே செய்தார். பந்தைத் தட்டிவிட, யெஸ்பர் ஓல்சன் ஓடிவந்து வாங்கினார். கோல்கீப்பர் ஓல்சனை நோக்கி நகர்ந்ததும் பந்து க்ரைஃபுக்கே திரும்ப வந்தது. காலி வலை. அதற்கும் 25 வருடம் முன்பு, 1957இல், ஐஸ்லாந்துக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் பெல்ஜியத்தின் ரிக் கோப்பென்ஸும் ஆந்த்ரே பீட்டர்ஸும் இதே மாதிரி தட்டி வாங்கி கோல் அடித்திருக்கிறார்கள். அறுபது வருடத்துக்கு மேலாக ஆட்டத்துக்குள் இருக்கும் ஒன்றை அவமதிப்பு என்று எப்படிச் சொல்வது?

கேலரி எழுதியது:

விதியில் தடை இல்லை என்பதற்காக எல்லாம் சரியாகிவிடாது நண்பரே. க்ரைஃப் ஆடிய அந்த ஆட்டத்தை அயாக்ஸ் 5-0 என்று ஜெயித்தது. பெல்ஜியம் 8-3 என்று ஜெயித்தது. நீங்கள் சொன்ன மூன்றிலும் ஜெயித்த அணி வாரிக் குவித்திருக்கிறது. ஆட்டம் கையில் இருக்கும்போதுதான் இந்த வித்தையெல்லாம் வருகிறது. 0-0இல், 89வது நிமிடத்தில் இதைச் செய்யட்டும், நான் எழுந்து நின்று கைதட்டுகிறேன்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 2011 ஜூலையில் லெபனானுக்கு எதிரான நட்பு ஆட்டத்தில் ஐக்கிய அரபு அமீரகத்தின் தியாப் அவானா, ஓடிவந்து உடம்பைத் திருப்பிக் குதிகாலால் பெனால்டி அடித்தார். கோல்தான், செல்லும். ஆனால் அவருடைய சொந்தப் பயிற்சியாளரே உடனே அவரை வெளியே அழைத்துக்கொண்டார். எதிரணியை மதிக்காத செயல் என்று அவர் பக்கத்து ஆட்களுக்கே பட்டிருக்கிறது. (அந்தப் பையன் இரண்டே மாதத்தில் சாலை விபத்தில் இறந்துபோனான். 21 வயது. அந்த வீடியோவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடும். அவனைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை.)

கோல்கோட்டில் நிற்பவன் எழுதியது:

இத்தனை வருடம் வார இறுதி ஆட்டங்களில் கோல்கீப்பராக நிற்பவன் என்ற முறையில் சொல்கிறேன். பாஸ் பெனால்டியில் எனக்கு எந்த அவமானமும் இல்லை.

பாஸ் கொடுத்தால் உதைப்பவர் தன்னுடைய பெரிய சலுகையை அங்கேயே இழந்துவிடுகிறார். 11 மீட்டரில் நானும் அவரும் மட்டும் என்ற நிலை போய்விடுகிறது. பந்து உருள ஆரம்பித்துவிட்டால் நான் கோட்டை விட்டு வெளியே பாயலாம், என் ஆட்கள் பெனால்டி பெட்டிக்குள் ஓடி வரலாம். வாங்க வருபவரும் என் ஆட்களைப் போலவே 9.15 மீட்டர் தள்ளி, பெட்டிக்கு வெளியேதான் நிற்க வேண்டும். யார் முதலில் விழித்துக்கொள்கிறார்கள் என்பதுதான் போட்டி. நியாயமான போட்டி. இதில் கேலரி நண்பருடன் எனக்கு உடன்பாடு இல்லை.

என் ஆத்திரமெல்லாம் நின்று நின்று வருகிறார்களே, அதன் மேல்தான். ஒரு ஆட்டம் மறக்கவே முடியவில்லை. நல்ல மழை. சுண்ணாம்புக் கோடு கரைந்து பால் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. உதைப்பவர் ஓடி வந்தார், ஊன்று காலைப் பந்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார், வலது கால் பின்னால் போய்விட்டது. நான் இடது பக்கம் சாய ஆரம்பித்துவிட்டேன். அவர் அப்படியே நின்றார். நான் சேற்றில் விழும்வரை பார்த்துவிட்டு, மறுபக்கம் பந்தை உருட்டிவிட்டார். நடுவர் கோல் கொடுத்தார். எழுந்து பார்த்தால் கோடு இருந்த இடத்தில் என் கை தடம் மட்டும் இருக்கிறது.

அவர் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். நான் மட்டும் அவர் உதைக்கும் நொடி வரைக்கும் ஒரு காலின் ஏதாவது ஒரு பகுதியையாவது கோட்டிலோ, கோட்டுக்கு நேராகவோ, பின்னாலோ வைத்திருக்க வேண்டும். இதுதான் உண்மையான அநியாயம்.

விசில் எழுதியது:

உள்ளூர் ஆட்டங்களுக்கு நடுவராகப் போகிறவன் நான். கீப்பர் அண்ணா, நீங்கள் சொன்ன அந்தக் கோல் செல்லாது. விதி உங்கள் பக்கம்தான் இருந்தது, அன்றைக்கு நடுவர்தான் தவறவிட்டிருக்கிறார்.

ஓடி வரும்போது வேகத்தைக் குறைக்கலாம், தடுமாறுவது போல நடிக்கலாம், நின்றுகூட வரலாம். ஆனால் ஓட்டம் முடிந்த பிறகு உதைப்பது போலப் பாவனை காட்டக் கூடாது. சாண்டோஸ் அணியில் ஆடிய இளவயது நெய்மார் இப்படி நின்று கீப்பரைப் படுக்க வைத்தது பெரிய பேச்சாக இருந்த சமயத்தில், 2010 மே மாதத்தில், விதிகளை வகுக்கும் ஐஎஃப்ஏபி இதைத் தெளிவாக்கியது. இப்போதுள்ள விதிப்படி உதைத்தவருக்கு மஞ்சள் அட்டை, தற்காக்கும் அணிக்கு இன்டைரக்ட் ஃபிரீ கிக், அதாவது நேராக வலைக்குள் அடித்தால் கோல் ஆகாத உதை. பந்து உள்ளே போனாலும் போகாவிட்டாலும் அதேதான். மறுபடி அடிக்கும் வாய்ப்பு கிடையாது.

ஓட்டம் எங்கே முடிகிறது என்பதுதான் களத்தில் கஷ்டம். நான் ஊன்று காலைப் பார்ப்பேன். அது பந்துக்குப் பக்கத்தில் ஊன்றி, உதைக்கும் கால் பின்னால் போய்விட்டால் ஓட்டம் முடிந்தது. அதற்குப் பிறகு கால் நடுவில் நின்றால் விசில்தான்.

கேலரி, பானென்காவை என்ன செய்வீர்கள்? 1976 ஜூன் 20, பெல்கிரேடில் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம், 2-2 என்று முடிந்து பெனால்டி ஷூட் அவுட். மேற்கு ஜெர்மனியின் ஊலி ஹோனஸ் பந்தை வானத்துக்கு அனுப்பிவிட்டார். அடுத்து செக்கோஸ்லோவாகியாவின் அன்டோனின் பானென்கா அடித்தால் கோப்பை. ஜெர்மன் கீப்பர் ஸெப் மையர் ஒரு பக்கம் பாய, இவர் பந்தை நடுவில் மெதுவாகத் தூக்கிப் போட்டார். நீங்கள் கேட்ட 89வது நிமிடத்தைவிட அது பெரிய நெருக்கடி இல்லையா?

கேலரி எழுதியது:

பானென்காவை நான் எப்போது குறை சொன்னேன்? தவறினால் மொத்த நாடும் ஏசும் என்று தெரிந்தும் செய்தார். 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தின் 7வது நிமிடத்தில் இத்தாலி கீப்பர் புஃபோனுக்கு எதிராக பிரான்ஸின் ஸிடான் அதையே செய்தார், பந்து குறுக்குக் கம்பத்தின் அடியில் பட்டுக் கோட்டுக்கு உள்ளே விழுந்தது. அந்த நொடியில் மூச்சே நின்றுவிட்டது எனக்கு. நான் கேட்பது அந்தத் துணிச்சலைத்தான்.

பெனால்டி விஷயத்தில் மதிப்பு என்றால் எனக்கு மார்ட்டன் வீகோர்ஸ்ட்தான். 2003இல் ஹாங்காங்கில் டென்மார்க்கும் ஈரானும் ஆடின. முதல் பாதி முடியும் நேரத்தில் பார்வையாளர் பக்கமிருந்து ஒரு விசில் சத்தம். நடுவர்தான் ஊதினார் என்று நினைத்து ஈரான் ஆட்டக்காரர் ஒருவர் பந்தைக் கையில் எடுத்துவிட்டார். பெனால்டி. வீகோர்ஸ்ட் தன் பயிற்சியாளரிடம் போய்ப் பேசிவிட்டு வந்து, பந்தை வேண்டுமென்றே வெளியே அடித்தார். டென்மார்க் அந்த ஆட்டத்தில் 1-0 என்று தோற்றது. இதுவும் வழக்கத்துக்கு மாறான பெனால்டிதான். மெஸ்ஸி, சுவாரெஸைவிட எனக்கு இதுதான் பெரிது.

பன்னிரண்டு கஜம் எழுதியது:

வீகோர்ஸ்ட் விஷயத்தில் உங்களுடன் முழுமையாக ஒத்துப்போகிறேன் கேலரி. ஆனால் துணிச்சல் பற்றிச் சொன்னீர்களே, பாஸ் பெனால்டி தவறினால் என்ன ஆகும் என்று பாருங்கள். 2005 அக்டோபர், ஆர்சனலும் மான்செஸ்டர் சிட்டியும். அன்றைக்கு ஏற்கெனவே ஒரு பெனால்டியை நேராக அடித்து கோலாக்கிய ராபர்ட் பிரெஸ், இரண்டாவது பெனால்டியில் தியரி ஆன்ரிக்குத் தட்டிவிடப் பார்த்தார். கால் பந்தை லேசாக உரசியது, பந்து நகரவில்லை. ஆன்ரி ஓடி வருகிறார், எதிரணியும் ஓடி வருகிறது, பிரெஸ் திகைத்துப்போய் நிற்கிறார். அவர் இரண்டு முறை தொட்டுவிட்டார் என்று நடுவர் மைக் ரைலி சிட்டிக்கு ஃபிரீ கிக் கொடுத்தார். ஆர்சனல் அப்போது 1-0 என்றுதான் முன்னிலையில் இருந்தது, முடிவும் அதேதான். வாரிக் குவித்த ஆட்டம் இல்லை. பிரெஸும் ஆன்ரியும் கேலிக்கு ஆளானார்கள். ஆபத்து இல்லாத வித்தை என்று இதை எப்படிச் சொல்ல முடியும்?

கீப்பர் நண்பரே, உங்களுக்கு ஒரு கேள்வி. 2010 ஜூலையில் 19 வயதுக்குட்பட்டோர் ஐரோப்பியப் போட்டியில் இத்தாலிக்கு எதிராக ஸ்பெயினின் எஸெக்கியேல் கல்வெந்தே அடித்ததைப் பார்த்திருக்கிறீர்களா? வலது காலால் உதைக்கப் போவது போல ஓடிவந்து, ஊன்ற வேண்டிய இடது காலாலேயே பந்தைத் தட்டிவிட்டார். நிறுத்தமே இல்லை. இதுவும் ஏமாற்றா?

கோல்கோட்டில் நிற்பவன் எழுதியது:

இல்லை. அது கைத்திறமை என்பது மாதிரி கால்திறமை. ஒரே ஓட்டத்தில் வந்தது, என்னை நிற்க வைத்துவிட்டு அவர் காத்திருக்கவில்லை. நான் எதிர்ப்பது காத்திருப்பதை.

விசில் தம்பி சொன்ன விளக்கத்துக்கு நன்றி. ஆனால் ஓட்டத்தின் நடுவில் நிற்கலாம் என்ற அனுமதியையே எடுக்க வேண்டும் என்பதுதான் என் வாதம். ஓட ஆரம்பித்தால் உதைத்துத்தான் முடிக்க வேண்டும். 2019இல் எங்கள் கால் விதியை மாற்றியபோது என்ன நடந்தது? அந்த வருட மகளிர் உலகக் கோப்பையில் பிரான்ஸின் வாந்தி ரெனார் நைஜீரியாவுக்கு எதிராக அடித்த பெனால்டி கம்பத்தில் பட்டு வெளியே போனது. கீப்பர் பந்தைத் தொடக்கூட இல்லை. ஆனால் அவர் கோட்டைவிட்டு முன்னே வந்துவிட்டார் என்று மறுபடி அடிக்கச் சொன்னார்கள், இரண்டாவது உள்ளே போனது. 1-0. கம்பத்தில் அடித்தது ரெனார், தண்டனை கீப்பருக்கு.

விசில் எழுதியது:

அந்த ஒன்றை அடுத்த வருடமே சரி செய்துவிட்டார்கள். இப்போது பந்து தானாகவே வெளியே போனாலோ கம்பத்தில் பட்டுத் திரும்பினாலோ, கீப்பரின் தவறு உதைத்தவரைத் தெளிவாகப் பாதித்திருந்தால்தான் மறுபடி. கீப்பர் தடுத்திருந்தால் கட்டாயம் மறுபடி அடிக்க வேண்டும், முதல் முறைக்கு எச்சரிக்கை, அடுத்த முறை மஞ்சள் அட்டை.

உதைப்பவர் பக்கமும் சமீபத்தில் ஒன்று மாறியிருக்கிறது. 2025 மார்ச் 12, சாம்பியன்ஸ் லீக், அட்லெட்டிகோவும் ரியல் மாட்ரிட்டும். ஷூட் அவுட்டில் ஹூலியன் அல்வாரெஸ் உதைக்கும்போது வழுக்கிவிட்டார். வலது காலால் உதைத்த பந்து இடது காலை மயிரிழையில் தொட்டு உள்ளே போனது. வீடியோ உதவி நடுவரான விஏஆர் பார்த்து கோல் இல்லை என்றது. ரியல் 4-2 என்று ஜெயித்தது. அன்றைக்கு இருந்த விதியைத்தான் நடுவர் பின்பற்றினார். ஆனால் வழுக்கியவருக்கும் வேண்டுமென்றே இரண்டு முறை தொட்டவருக்கும் ஒரே தண்டனை என்பது எனக்கே உறுத்தியது. ஜூன் மாதம் ஐஎஃப்ஏபி விளக்கம் கொடுத்தது. தற்செயலாக இரண்டு காலும் பட்டு கோல் ஆனால், மறுபடி அடிக்க வேண்டும். கோல் ஆகவில்லை என்றால் ஷூட் அவுட்டில் அது தவறியதாகக் கணக்கு, ஆட்ட நேரத்தில் எதிரணிக்கு இன்டைரக்ட் ஃபிரீ கிக்.

கேலரி எழுதியது:

அட்லெட்டிகோ ரசிகர்களுக்கு இது மூன்று மாதம் தாமதம். ஆனாலும் நல்ல மாற்றம்.

பன்னிரண்டு கஜம் எழுதியது:

ஓட்டத்தில் நிற்பதைத் தடை செய்வதை நான் ஏற்கவில்லை கீப்பர் நண்பரே. நீங்கள் கடைசிவரை அசையாமல் நின்றால் நின்று வருபவர்தான் தடுமாறுவார். வேகமே இல்லாமல் உதைக்க வேண்டியிருக்கும். இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம், பரவாயில்லை.

விசில் நண்பரே, ஒரு சந்தேகம். எங்கள் அணியில் பாஸ் பெனால்டியைப் பயிற்சி செய்துகொண்டிருக்கிறோம். கேலரி கேட்டது மாதிரி, சமநிலையில் கடைசி நொடியில் கிடைத்தால் செய்து பார்க்கலாம் என்று இருக்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

விசில் எழுதியது:

முதலில் ஆஃப்சைடு. முதல் தட்டலில் கவலை இல்லை, எல்லோரும் பந்துக்குப் பின்னால்தான் நிற்பார்கள். க்ரைஃப் மாதிரி திருப்பிக் கொடுப்பதாக இருந்தால், பந்து கிளம்பும் நொடியில் முதலில் உதைத்தவர் பந்துக்கு முன்னால் போயிருக்கக் கூடாது.

இரண்டாவதுதான் முக்கியம். நேரம் முடிந்து, பெனால்டிக்காக மட்டும் நடுவர் ஆட்டத்தை நீட்டித்திருந்தால் பாஸ் செல்லாது. தற்காக்கும் கீப்பரைத் தவிர வேறு யார் பந்தைத் தொட்டாலும் அந்த உதை அங்கேயே முடிந்தது. உங்கள் ஆள் ஓடிவந்து தொட்டவுடன் நான் ஊதிவிடுவேன். அதனால் பந்தை வைப்பதற்கு முன் நடுவரிடம் நேரம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், சொல்வார்.

கோல்கோட்டில் நிற்பவன் எழுதியது:

இது எனக்கும் தெரியாமல் இருந்தது. அடுத்த ஆட்டத்தில் நானும் கேட்பேன். நேரம் முடிந்துவிட்டது என்றால் பெட்டிக்கு வெளியே நிற்பவர்களைப் பற்றி நினைக்கவே வேண்டாம், ஊன்று காலை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கலாம்.